நாச்செஸுக்கு மூன்று நாள்: பெற்றோரை அழைத்துச் செல்பவர்களுக்கு

ஆறு மணி நேரம் காரில் வந்து, இரவு மோட்டலில் தங்கி, காலையில் குளித்துக் கிளம்பிப் போனால் அந்த மாளிகையின் கேட்டில் ஓர் அட்டை தொங்கியது. இன்று திருமணம், பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அப்பா மட்டும், "வெளியிலிருந்து பார்த்தாலே நன்றாகத்தானே இருக்கிறது" என்றார். அவர் எனக்காகச் சொன்ன அந்தச் சமாதானம்தான் அதிகம் வலித்தது. அந்தப் பயணத்தில் நினைத்து வந்த இடங்களில் பாதியைக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த ஆண்டு மாமனார், மாமியாரோடு அதே ஊருக்கு அதே மூன்று நாள் திட்டத்தில் போனேன், ஒன்றையும் தவறவிடவில்லை. இரண்டாவது முறை எதையெல்லாம் மாற்றிச் செய்தேனோ அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாச்செஸ், அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் மிசிசிப்பி ஆற்றைப் பார்த்த மேட்டில் இருக்கும், பழைய மாளிகைகள் நிறைந்த சிறிய ஊர். வரலாற்றை அங்கே ஒவ்வொரு வீட்டிலும் விரிவாகச் சொல்வார்கள். எந்த மாதம், எந்தக் கிழமை, என்னென்ன காகிதம், எவ்வளவு பணம், எந்த வரிசை என்பதை யாரும் சொல்வதில்லை.

1. மாதத்தையும் கிழமையையும் முதலில் முடிவு செய்யுங்கள்

வசந்த காலத்தில், மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை, ஊரிலுள்ள பழைய வீடுகளைப் பார்வைக்குத் திறந்துவிடும் வழக்கம் 1932 முதல் இருக்கிறது. இதை 'பில்கிரிமேஜ்' என்பார்கள். மற்ற மாதங்களில் உள்ளே போகவே முடியாத, குடும்பங்கள் குடியிருக்கும் வீடுகளை அப்போது பார்க்கலாம். பூக்களும் அப்போதுதான். ஆனால் மோட்டல் அறை கிடைப்பது கடினம், வாடகையும் ஏறிவிடும். மூன்று மாதம் முன்பே பதிவு செய்ய முடியும் என்றால் மட்டும் இதைத் தேர்ந்தெடுங்கள்.

வயதானவர்களோடு போகிறவர்களுக்கு நான் சொல்வது அக்டோபர் பிற்பகுதி அல்லது நவம்பர். லாங்வுட், ஸ்டான்டன் ஹால், ரோசலி, மெல்ரோஸ் போன்ற பெரிய வீடுகளுக்குப் பில்கிரிமேஜ் காலம் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஜூலை, ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம். சென்னை மே மாத வெயிலைப் பார்த்தவர்கள்தானே என்று நினைக்காதீர்கள். இது புழுக்கத்தோடு சேர்ந்த வெயில், நிழலில் நின்றாலும் வேர்க்கும். மார்ச் முதல் மே வரை சுழல்காற்று (டொர்னேடோ) எச்சரிக்கைகள் வரும் காலம் என்பதால், போனில் அவசர எச்சரிக்கை ஒலியை அணைத்து வைக்காதீர்கள்.

கிழமை இன்னும் முக்கியம். சனிக்கிழமை மாளிகைகளில் திருமணம் நடக்கும். ஞாயிறு காலை ஊரே தேவாலயத்தில் இருக்கும். ஞாயிறும் திங்களும் பல உணவகங்கள் மூடியிருக்கும். செவ்வாய் மாலை போய்ச் சேர்ந்து, புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் சுற்றுங்கள். அலுவலகத்தில் மூன்று நாள் விடுப்பு எடுப்பது சிரமம்தான். ஆனாலும் வார இறுதியில் போய் மூடிய கதவைப் பார்ப்பதற்கு இது மேல்.

நாள் முடிவானதும் ஒவ்வொரு இடத்துக்கும் தொலைபேசியில் பேசுங்கள். இணையதளத்தில் 'தினமும் திறந்திருக்கும்' என்று இருந்ததை நம்பித்தான் நான் ஏமாந்தேன். கேட்க வேண்டியவை இரண்டு: அன்று தனியார் நிகழ்ச்சி ஏதாவது இருக்கிறதா? உள்ளே எத்தனை படி ஏற வேண்டும்?

2. காகிதங்கள்

விசிட்டர் விசாவில் வந்திருக்கும் பெற்றோர் பாஸ்போர்ட்டையும் ஐ-94 என்ற நுழைவுப் பதிவின் அச்சுப் பிரதியையும் கையில் வைத்திருக்க வேண்டும். 18 வயது நிறைந்த வெளிநாட்டவர் தங்கள் பதிவுச் சான்றை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். எச்-1பி வேலை விசாவில் இருக்கும் உங்களுக்கும் அதுவே. ஐ-94 பிரதியை அரசு இணையதளத்தில் கட்டணமில்லாமல் எடுக்கலாம். பணம் கேட்கும் தளம் வந்தால் அது அரசுத் தளம் இல்லை, உடனே வெளியே வந்துவிடுங்கள். பாஸ்போர்ட்டைப் பத்திரமாக இருக்கட்டும் என்று மோட்டல் பெட்டியில் பூட்டிவிட்டு வெளியே போவது நம் பெற்றோரின் பழக்கம். அதைக் கிளம்பும் முன்பே பேசி மாற்றிவிடுங்கள்.

பயணக் காப்பீட்டு அட்டை, தினசரி மாத்திரைகள், மாத்திரைகளின் பொதுப் பெயர் எழுதிய ஒரு தாள் ஆகியவையும் வேண்டும். இந்தியாவில் விற்கும் பெயரைச் சொன்னால் இங்கே மருந்துக் கடையில் புரியாது.

இந்திய உரிமத்தோடு வந்த தம்பியோ தங்கையோ காரை ஓட்டப் போகிறார் என்றால், சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கிவிட வேண்டும். கட்டணம் 1000 ரூபாய், ஓராண்டுக்குச் செல்லும். அமெரிக்காவுக்கு வந்த பிறகு அலைவதை விட இதுவே எளிது. அனுமதியோடு அசல் உரிமமும் கையில் இருக்க வேண்டும்.

3. கார் இல்லாமல் முடியாது

நாச்செஸுக்குப் பயணிகள் ரயில் கிடையாது, அட்டவணைப்படி வரும் விமானமும் கிடையாது. விமானத்தில் வருகிறவர்கள் பேட்டன் ரூஜ் அல்லது ஜாக்சனில் இறங்க வேண்டும். பேட்டன் ரூஜிலிருந்து ஏறக்குறைய 90 மைல், ஜாக்சனிலிருந்து சுமார் 100 மைல். நியூ ஆர்லியன்ஸில் டிக்கெட் மலிவாகக் கிடைத்தால் அதுவும் சரி, மூன்று மணி நேரத்தில் வந்துவிடலாம். போனில் அழைக்கும் வாடகைக் காரை இந்த ஊரில் நம்பி இருக்காதீர்கள்.

வாடகைக் கார் எடுக்கும் இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. முதல் பயணத்தில் டெபிட் அட்டையை நீட்டினேன். முன்பணமாக 400 டாலரை நிறுத்தி வைத்தார்கள். கார் திரும்பி ஒரு வாரம் கழித்துத்தான் அது கணக்குக்கு வந்தது. பயணம் முழுதும் அந்தப் பணம் கையில் இல்லை. ஓட்டுபவரின் பெயரிலுள்ள கிரெடிட் கார்டையே கொடுங்கள். ஓட்டுபவருக்கு 25 வயது ஆகாவிட்டால் நாளுக்கு இவ்வளவு என்று கூடுதல் கட்டணம் வரும். இரண்டாவது ஓட்டுநருக்கும் பெரும்பாலும் தனிக் கட்டணம். கவுண்டரில் விற்கும் காப்பீடு உங்கள் சொந்தக் கார் காப்பீட்டிலோ கிரெடிட் கார்டிலோ ஏற்கெனவே இருக்கிறதா என்று முந்தைய நாளே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். வரிசையில் பின்னால் ஆட்கள் நிற்கும்போது யோசித்து முடிவெடுக்க முடியாது.

அட்லாண்டா பக்கத்திலிருந்து வருகிறவர்கள் இங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் ஓடுவதை நினைவில் வையுங்கள்.

4. செலவு

நால்வருக்கு, இரண்டு அறைகள், மூன்று இரவு என்று எங்களுக்கு ஆனதைச் சொல்கிறேன். பில்கிரிமேஜ் இல்லாத காலத்தில் மோட்டல் அறை இரவுக்கு 90 டாலரிலிருந்து கிடைத்தது. அதன் மேல் வரி. மிசிசிப்பியில் விற்பனை வரியே 7 சதவீதம், அறைகளுக்கு உள்ளூர் வரியும் சேரும். மாளிகை டிக்கெட் தலைக்கு 25 டாலரை ஒட்டி இருந்தது. அதாவது நால்வர் இரண்டு மாளிகை பார்த்தாலே 200 டாலர். இந்தக் கணக்கைப் போடாமல் கிளம்பினால் இரண்டாம் நாளே மனம் சுருங்கிவிடும்.

அதே நேரம், இந்த ஊரில் மிக நல்ல இடங்கள் பல இலவசம். நாச்செஸ் பழங்குடியினரின் மண்மேடுகள் இருக்கும் கிராண்ட் வில்லேஜ், மெல்ரோஸ் வளாகத் தோட்டம், ஆற்றோர மேட்டுப் பூங்கா, இரண்டாம் நாள் போகும் டிரேஸ் சாலை எதற்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. காசு கொடுத்து ஒரே ஒரு மாளிகை பார்ப்பதென்றால் லாங்வுட். இரண்டு என்றால் அதோடு மெல்ரோஸின் உட்பகுதி. மூன்றாவதாக ஸ்டான்டன் ஹால். நான்காவது மாளிகையில் பெற்றோர் நாற்காலி தேடத் தொடங்கிவிடுவார்கள்.

சிறிய மோட்டல்களை நடத்துபவர்களில் குஜராத்திக் குடும்பங்கள் பல உண்டு. நாங்கள் தங்கிய இடத்து அம்மா, என் மாமியாருக்குத் தயிர் வேண்டும் என்று தெரிந்ததும் தன் வீட்டுப் பாத்திரத்திலிருந்து ஒரு கிண்ணம் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு பேருக்கும் பொதுவான மொழி இல்லை. ஆனாலும் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

5. முதல் நாள்: ஊருக்குள், இந்த வரிசையில்

காலை 9 மணிக்கு மாளிகைக்குப் போகாதீர்கள். முதலில் 'ஃபோர்க்ஸ் ஆஃப் தி ரோடு' என்ற முச்சந்திக்குப் போங்கள். ஊர் நடுவிலிருந்து ஒரு மைல் தூரம்தான். புல்வெளி, சில தகவல் பலகைகள், அவ்வளவே. தரையில் சிமெண்டுக்குள் பாதி புதைந்த கை விலங்குகள் இருக்கும். குனிந்து பார்த்தால்தான் தெரியும். அமெரிக்காவின் தென்பகுதியில் மனிதர்களை விற்ற மிகப் பெரிய சந்தைகளில் ஒன்று இங்கே 1863 வரை நடந்தது. இருபது நிமிடம் போதும். இதைப் பார்த்துவிட்டு மாளிகைக்குப் போனால் அந்த வெள்ளைத் தூண்கள் யாருடைய உழைப்பில் நிற்கின்றன என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. முதல் பயணத்தில் நான் இதைக் கடைசி நாளுக்கு வைத்திருந்தேன், நேரமில்லாமல் விட்டுப்போனது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் கேட்பதானால், இந்த வரிசையை மாற்றாதீர்கள் என்றுதான் கேட்பேன்.

10 மணி வாக்கில் மெல்ரோஸ். இது தேசியப் பூங்கா நிர்வாகத்தில் இருக்கிறது. தோட்டத்தில் சும்மா நடக்கலாம். வீட்டுக்குள் வழிகாட்டியோடுதான் போக முடியும், அதற்கு டிக்கெட் உண்டு. ஒரு குழுவில் இத்தனை பேர் என்று வரம்பு இருப்பதால் முன்பே இடம் பிடியுங்கள். சாப்பாட்டு அறைக்குள் நுழைந்ததும் மேசைக்கு மேலே தொங்கும் பெரிய மரப்பலகையைக் காட்டி வழிகாட்டி "பங்கா" என்றார். என் மாமனார் நிமிர்ந்து பார்த்தார். அவருடைய தாத்தா காலத்து அரசு அலுவலகங்களில் காற்றுக்காகக் கயிறு கட்டி இழுத்த அதே பங்கா, பெயர்கூட மாறாமல் மிசிசிப்பியில் தொங்குகிறது. இங்கே கயிற்றை இழுத்தது அடிமைச் சிறுவர்கள். வீட்டுக்குப் பின்னால் அவர்கள் வாழ்ந்த குடியிருப்பும் அப்படியே இருக்கிறது. அங்கேயும் போய்ப் பாருங்கள். பலர் வீட்டைப் பார்த்ததும் காருக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

மதிய உணவுக்குப் பின் லாங்வுட். எண்கோண வடிவ வீடு. 1860இல் கட்டத் தொடங்கி, மறு ஆண்டே உள்நாட்டுப் போர் வந்ததும் வடக்கிலிருந்து வந்த தொழிலாளர்கள் வேலையை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கீழ்த்தளம் மட்டும் முடிந்து, குடும்பம் அதிலேயே வாழ்ந்தது. மேல்தளத்துக்கு ஏறியதும் நடுவில் நின்று அண்ணாந்து பாருங்கள். பூசாத செங்கல், இழைக்காத மரம், தளத்துக்கு மேல் தளமாகக் குவிமாடம் வரை வெறும் எலும்புக்கூடு. அந்தக் காலத்துக் கருவிகளும் பெயிண்ட் வாளிகளும் இன்னும் அங்கேயே கிடக்கின்றன. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழ்த்தளத்தோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று டிக்கெட் வாங்கும்போதே கேளுங்கள்.

நகர் நடுவில் வில்லியம் ஜான்சன் வீடு இருக்கிறது. அடிமையாகப் பிறந்து, விடுதலை பெற்று, முடிதிருத்தும் கடை நடத்தியவர். 1835 முதல் 1851இல் கொல்லப்படும் வரை நாட்குறிப்பு எழுதிவந்தார். இதன் திறப்பு நேரம் மற்றவற்றைப் போல இருக்காது. முன்பே கேட்டுவிட்டுப் போங்கள்.

மாலையில் ஆற்றோர மேட்டுப் பூங்கா. மறுகரை லூசியானா, சூரியன் அந்தப் பக்கம்தான் இறங்கும். அஸ்தமனத்துக்கு அரை மணி முன்பே போய் பெஞ்சில் இடம் பிடியுங்கள்.

6. சாப்பாடு: சைவர்கள் கவனத்துக்கு

இந்தப் பயணத்தில் பெரிய பொறி இதுதான். உணவுப் பட்டியலில் கீரை, பீன்ஸ், மொச்சை, வெண்டைக்காய் என்று வரிசையாக இருக்கும், அம்மா மகிழ்ந்துபோவார். ஆனால் தென்பகுதிச் சமையலில் கீரையைப் பன்றி எலும்போடு வேகவைப்பதுதான் மரபு. பீன்ஸிலும் இறைச்சித் துண்டு கிடக்கும். சோள ரொட்டியிலும் பிஸ்கட்டிலும் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். காய்கறி சூப் மாட்டு எலும்புச் சாற்றில் செய்ததாக இருக்கலாம். 'இறைச்சி வேண்டாம்' என்றால் மேலே தெரியும் துண்டுகளை எடுத்துவிட்டுக் கொடுப்பார்கள். அதனால் பன்றி, கொழுப்பு, கோழிச் சாறு என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள், சமையலறைக்குள் போய் விசாரித்துவிட்டு வந்து பொறுமையாகச் சொல்வார்கள்.

தைரியமாகக் கேட்டு வாங்கக்கூடியது கிரிட்ஸ், சோள ரவைக் கஞ்சி. வெண்ணெய் மட்டும் போட்டுக் கொடுக்கச் சொன்னால் நம் உப்புமா சாப்பிட்ட வயிற்றுக்கு ஒத்துப்போகும். பொரித்த வெண்டைக்காய் மீன் பொரித்த எண்ணெயிலேயே பொரிபடுகிறதா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நாங்கள் ஒரு சிறிய ரைஸ் குக்கரும் புளிக்காய்ச்சல் பாட்டிலும் எடுத்துப் போனோம். இரண்டு இரவு அதுதான் கைகொடுத்தது. அறையில் குக்கர் வைக்கலாமா என்று மோட்டலில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

7. இரண்டாம் நாள்: டிரேஸ் சாலையும் விண்ட்சர் தூண்களும்

நாச்செஸ் டிரேஸ் பார்க்வே என்பது இங்கே தொடங்கி நாஷ்வில் பக்கம் வரை 444 மைல் போகும் சாலை. லாரி கிடையாது, விளம்பரப் பலகை கிடையாது, கட்டணமும் கிடையாது. பெட்ரோல் நிலையமும் கிடையாது. ஊரிலேயே டேங்கை நிரப்பிவிடுங்கள். பல இடங்களில் போன் சிக்னல் போய்விடும்; வரைபடத்தை முன்னிரவே போனில் இறக்கி வையுங்கள். பெரும்பகுதியில் வேக வரம்பு 50 மைல். சாலை வெறிச்சோடி இருப்பதால் கால் தானாக அழுத்தும். ஆனால் பூங்கா ரேஞ்சர்கள் கண்காணிப்பார்கள், சைக்கிள்காரர்களும் போய்க்கொண்டிருப்பார்கள்.

மைல் கல்தான் இங்கே விலாசம். 10.3இல் எமரால்டு மவுண்ட், எட்டு ஏக்கர் பரப்பில் நாச்செஸ் பழங்குடியினரின் முன்னோர் எழுப்பிய மண்மேடு. காலையிலேயே ஏறிவிடுங்கள், நிழல் இல்லை. கூடவே ஓர் எச்சரிக்கை. இந்தப் பக்கத்துப் புல்வெளிகளில் தீ எறும்புப் புற்று இருக்கும். பார்த்தால் கிளறிப்போட்ட மண் மாதிரிதான் தெரியும். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் உட்கார்ந்தார். அரை நிமிடத்தில் கணுக்கால் முழுதும் கடி, மறுநாள் சீழ்க் கொப்புளங்கள். மூடிய ஷூ போடச் சொல்லுங்கள், ஒவ்வாமை மாத்திரை கையில் இருக்கட்டும்.

15.5இல் மவுண்ட் லோகஸ்ட், அந்தக் காலத்து வழிப்போக்கர் விடுதி. 30ஆவது மைலில் வெளியேறி 552ஆம் எண் சாலையைப் பிடித்தால் விண்ட்சர். 1890இல் தீயில் எரிந்துபோன மாளிகையின் 23 தூண்கள் மட்டும் காட்டுக்குள் நிற்கின்றன. போகும் வழி குறுகலானது, வளைவுகள் அதிகம். வழி தவறிவிட்டோமோ என்று தோன்றும், தவறவில்லை. கட்டணம் இல்லை, கழிப்பறையையும் குடிநீரையும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். மவுண்ட் லோகஸ்டிலேயே எல்லோரையும் போய்வரச் சொல்லிவிடுங்கள். அந்த மாளிகையின் இரும்புப் படிக்கட்டு தீயில் தப்பி, பக்கத்திலுள்ள ஆல்கார்ன் அரசுப் பல்கலைக்கழகத்தின் தேவாலய வாசலில் இருக்கிறது, வழியில் பார்த்துவிடலாம்.

போர்ட் கிப்சன் ஊரில் ஒரு தேவாலயக் கோபுரத்தின் உச்சியில் சிலுவைக்குப் பதில் வானத்தைச் சுட்டும் தங்க நிறக் கை இருக்கும். காரிலிருந்தே தெரியும். அங்கிருந்து மறுபடி டிரேஸ் சாலையில் ஏறினால் 41.5இல் 'சங்கன் டிரேஸ்'. மனிதரும் குதிரையும் நடந்து நடந்தே ஆள் உயரத்துக்கு மேல் பள்ளமாகிப்போன பாதை. இரு பக்கமும் மரங்களின் வேர்கள் மண் சுவரில் தொங்கும். அப்பா இங்கேதான் அதிக நேரம் நின்றார். ஐந்து நிமிட நடைதான், மழை பெய்திருந்தால் வழுக்கும்.

மாலை 4 மணிக்குள் திரும்பத் தொடங்குங்கள். 61ஆம் எண் நெடுஞ்சாலையில் நேராக ஊருக்கு வந்துவிடலாம். இருட்டியபின் டிரேஸில் ஓட்டாதீர்கள். மான்கள் குறுக்கே பாயும், விளக்கும் இல்லை.

8. மூன்றாம் நாள்: வடக்கா, தெற்கா?

இரண்டும் ஒரே நாளில் முடியாது. திரும்பும் வழி ஜாக்சன் என்றால் வடக்கே விக்ஸ்பர்க், பேட்டன் ரூஜ் என்றால் தெற்கே செயின்ட் பிரான்சிஸ்வில்.

விக்ஸ்பர்க் சுமார் 70 மைல். அங்குள்ள உள்நாட்டுப் போர்க்களப் பூங்காவுக்குக் காருக்கு 20 டாலர், ஏழு நாள் செல்லும். தலைக்கணக்கு இல்லை என்பதால் நால்வருக்கு மலிவு. கார்டில் கட்டத் தயாராக இருங்கள். 16 மைல் சுற்றுச் சாலையைக் காரை விட்டு இறங்காமலேகூடப் பார்க்கலாம். நடக்க முடியாதவர்களுக்கு இந்தப் பயணத்திலேயே மிக வசதியான இடம் இதுதான். இல்லினாய்ஸ் நினைவகத்தில் மட்டும் இறங்குங்கள். அந்தப் போரில் இந்த ஊர் முற்றுகையில் இருந்த 47 நாளுக்கு 47 படிகள். ஏற முடியாதவர்கள் கீழேயே நிற்கட்டும். ஏறியவர்கள் குவிமாடத்துக்குக் கீழே மெல்லப் பேசினாலும் குரல் சுற்றி வரும். ஆற்றடியிலிருந்து மீட்டெடுத்த கெய்ரோ என்ற போர்க்கப்பலும் பூங்காவுக்குள்ளேயே இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். அங்கிருந்து ஜாக்சன் ஒரு மணி நேரத்துக்குள். கோயிலுக்குப் போக வேண்டும் என்று பெற்றோர் கேட்டால் ஜாக்சனுக்கு அடுத்த பிராண்டனில் இந்துக் கோயில் இருக்கிறது. மாலை நடை திறக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

செயின்ட் பிரான்சிஸ்வில் சுமார் 60 மைல். ரோஸ்டவுன் தோட்டமும், பறவை ஓவியர் ஆடுபான் 1821இல் தங்கிய ஓக்லி வீடும் அங்கே. இரண்டில் ஒன்று போதும் என்றால் ரோஸ்டவுன். வாசலிலிருந்து வீடு வரை இரு பக்கமும் ஓக் மரங்கள் கவிந்த நடைபாதை அது. அங்கிருந்து பேட்டன் ரூஜ் விமான நிலையம் அரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். மாலை விமானம் என்றால் கார் திருப்பிக் கொடுக்கவும் பெட்ரோல் நிரப்பவும் சேர்த்து, ரோஸ்டவுனை விமான நேரத்துக்கு மூன்றரை மணி முன்பே விட்டுக் கிளம்பிவிடுங்கள்.